எழுபதுக்குக் கீழே

கம்ப்யூட்டரில் தெரிந்த அந்தக் கோட்டைப் பார்த்தால் மேனேஜர் அய்யாதுரைக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். திங்கள் முதல் சனி வரை ஒரு இடத்தில்கூட எழுபது டிகிரியைத் தாண்டவில்லை. ஒரு சிவப்புப் புள்ளி கிடையாது. ஆனால் பானுப்பிரியாவுக்கு அது பிடிக்கவில்லை. கோடு கோடாக இல்லை, ரம்பப் பல்லாக இருந்தது. அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது என்று ஏறுகிறது. பிறகு கிணற்றில் கல்லைப் போட்ட மாதிரி ஐம்பதுக்கு விழுகிறது. மறுபடி ஏறுகிறது, மறுபடி விழுகிறது.

ஓடுகிற இரும்பு இப்படிச் சூடாகி இப்படிக் குளிராது.

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டே முக்கால் ஆகியிருந்தது. மில் சாப்பாட்டுக்கு நின்றிருந்தது. ஒண்ணேகாலுக்கு மறுபடி போட்டுவிடுவார்கள். அதற்குள் பெட்டியை அதன் இடத்தில் மாட்டியாக வேண்டும்.

பெட்டி என்றால் பெரிய டிபன் பாக்ஸ் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு சாமான். அதிலிருந்து இரண்டு ஒயர் போய் மில்லின் பேரிங் மேல் உட்காரும். ஒன்று சூட்டைப் பார்க்கும், மற்றது அதிர்வைப் பார்க்கும். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்ததைத் தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். சூடு எழுபதைத் தாண்டினால் அதன் நெற்றியில் சிவப்பு விளக்கு எரியும். மில் பக்கம் கம்ப்யூட்டரைக் கொண்டுபோகக் கூடாது. அதனால் சனிக்கிழமைதோறும் சாப்பாட்டு நேரத்தில் பானுப்பிரியா பெட்டியைக் கழற்றி ஆபீசுக்கு எடுத்துவருவாள். அது எழுதியதையெல்லாம் கம்ப்யூட்டரில் இறக்கி, கோடாகப் போட்டு, பிரிண்ட் எடுத்து பைலில் வைப்பாள். இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டார்கள் என்று வாங்கிய பெட்டி. வேலையாட்கள் அதற்கு வைத்த பெயர் கோள்மூட்டி.

அலுமினியப் பொடி அரைக்கிற கம்பெனி அது. நாரணாபுரம் தாண்டிக் கரிசல் காட்டுக்கு நடுவில் முள்வேலி போட்டு நிற்கும். சுற்றுவட்டாரத்து வெடிகளில் பளீரென்று வெள்ளையாக எரிவதெல்லாம் இந்த மாதிரிப் பொடிதான். மில் ரூமுக்குள் இரும்பு டிரம் சுற்றும். மோட்டாரும் அச்சைத் தாங்குகிற பேரிங்கும் சுவருக்கு வெளியே. அச்சு மட்டும் சுவர் ஓட்டை வழியாக உள்ளே போகும். அடுத்த ரூமில் ஆறு பொம்பளைகள் பொடி சலிப்பார்கள். சாயங்காலம் அவர்கள் வெளியே வரும்போது கண்ணும் பல்லும் தவிர மற்றதெல்லாம் வெள்ளி பூசியிருக்கும். மில் ஓட்டுகிறவர் கோட்டைச்சாமி, பானுப்பிரியாவின் அப்பா.

கரண்டு கட்டாக இருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தாள். அந்த வருஷம் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. கரண்டு போனால் மில் நிற்கும், மில் நின்றால் பேரிங் ஆறும். வாட்ச்மேனிடம் போய்க் கரண்டு நோட்டை வாங்கி வந்தாள். போன நேரம், வந்த நேரம் எல்லாம் அவர் கோணல் எழுத்தில் குறித்திருந்தார். ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். இன்று காலையில் கரண்டு ஒரே தடவைதான் போயிருந்தது. கோட்டில் ஒன்பது பள்ளம் இருந்தது.

அதிர்வுக் கோட்டை எடுத்துப் பார்த்தாள். சூடு விழுகிற நேரத்திலெல்லாம் அதிர்வு விழவில்லை. மில் ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அதுமட்டுமில்லை. திங்கட்கிழமை முழங்கால் உயரத்தில் கிடந்த அதிர்வு, சனிக்கிழமை நெஞ்சு உயரத்துக்கு வந்திருந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. திங்கட்கிழமை ஐம்பதிலிருந்து அறுபத்தொன்பதுக்கு ஏற இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. இன்று இருபத்தைந்து நிமிஷம் போதுமானதாக இருந்தது.

உள்ளே சூடு கூடிக்கொண்டே போகிறது. வெளியே யாரோ அதைக் குளிரவைக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. கால் மணி நேரம் முன்பு பெட்டியைக் கழற்றப் போனபோது பேரிங்குக்குக் கீழே தரை ஈரமாக இருந்ததும், ஐந்தாறு குளவிகள் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததும் இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மழை பெய்து இரண்டு மாசமாகிற கரிசல் காட்டில் ஈரம் எங்கிருந்து வரும்? பக்கத்துக் கருவேல மரத்தில் ஒரு சாக்கு தொங்கியது. சாக்கின் வாய் ஓரத்தில் ஊதாக் கரை. ரேஷன் அரிசிச் சாக்கை இரண்டாக வெட்டி, கிழிந்த சேலைக் கரையை ஓரத்தில் வைத்துத் தைத்து வாசலில் போட்டது அம்மா. திங்கட்கிழமை காலையிலிருந்து, "எஞ் சாக்க எந்த நாய் இழுத்துட்டுப் போச்சோ" என்று அம்மா வள்ளித்தாய் தெருவையே ஏசிக்கொண்டிருக்கிறாள்.

எந்த நாயும் இழுக்கவில்லை, அப்பாதான்.

கோட்டைச்சாமி இந்தக் கம்பெனிக்கு வந்து ஒன்றரை வருஷம்தான். அதற்கு முன் பதினைந்து வருஷம் வெடிக் கம்பெனிகளில் மருந்து கலந்தவர். அங்கே ஈரச்சாக்குதான் எல்லாமும். வாசலில் ஈரச்சாக்கு, அதில் காலை மிதித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எது சூடாகத் தெரிந்தாலும் மேலே ஈரச்சாக்கு. பொறி பறந்தால் ஈரச்சாக்கு. அலுமினியப் பொடியில் கதை வேறு. அதற்குத் தண்ணீர் ஆகாது, ஈரம் பட்டால் தானே சூடாகித் தீப்பிடிக்கும். இங்கே சுவரோரம் வரிசையாக மண் வாளிதான் நிற்கும். சேர்ந்த அன்றைக்கே அதைச் சொல்லிக் கைநாட்டும் வாங்கியிருக்கிறார்கள்.

மற்றதும் ஞாபகம் வந்தது. போன மாசம் ஒருநாள் பெட்டியில் சிவப்பு எரிந்தது. பானுப்பிரியா பதறிப்போய் மில்லை நிறுத்தச் சொன்னாள். விருதுநகரிலிருந்து பெட்டி விற்ற கடைக்காரர் முகைதீனின் மகன் ஆசிக் பைக்கில் வந்து பார்த்தான். பேரிங்கில் ஒன்றுமில்லை, ஒயர் முனையில் ஸ்க்ரூ லூசு. அரை நாள் வேலை போனதற்கு அய்யாதுரை எல்லார் முன்னாலும் கேட்டார்: "டிப்ளமா படிச்சது ஸ்க்ரூவப் பாக்கவா, ஊரக் கெளப்பவா? இன்னொரு தடவ இந்த மாதிரிச் செவப்பு வந்து மில்லு நின்னுச்சு, நீ வீட்ல இருந்து தீப்பெட்டி ஒட்டு." அன்று ராத்திரி சோற்றில் கையை வைத்தபடி அவள் அழுதாள். "இனி எழுபதத் தாண்டுச்சுன்னா எனக்கு வேல இல்லப்பா" என்றாள். அப்பா பாதிச் சோற்றோடு நிறுத்தினார். தட்டில் தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார்.

அவர் பேசாமல் போனதற்கு என்ன அர்த்தமென்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு அய்யாதுரை வந்தார். வாயில் வெற்றிலை. கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார்.

"ஆகா. ஒரு செவப்பு உண்டுமா? பிரேம் போட்டு மாட்டலாம் போலயே! திங்கக்கெழம இன்சூரன்சு ஆபீசர் வர்றாரு. ரெண்டு காப்பி எடுத்து வையி."

"சார், இது சரியில்ல."

"எது?"

"இந்தக் கோடு. மில்லு ஓடும்போதே சூடு எறங்குது. அப்பிடி எறங்காது. அதிர்வப் பாருங்க, நாளுக்கு நாள் கூடுது. பேரிங்கு போகப்போகுது சார். சாப்பாட்டுக்கு நின்னது அப்பிடியே நிக்கட்டும்."

அய்யாதுரை அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, எழுபதுக்கு மேல போனாலும் நிப்பாட்டணும், கீழ இருந்தாலும் நிப்பாட்டணுமா? நாளைக்கு சாத்தூருக்கு லோடு போகணும். மொதலாளி மெட்ராஸ்ல இருந்து ரெண்டு தடவ போன் போட்டுட்டாரு. எந்த வாயால நான் அவருட்ட சொல்ல? கோடு அழகா இருக்கு, ஆனா எங்க பொண்ணுக்குப் பிடிக்கலன்னா?"

"சார்..."

ஈரச்சாக்கு என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் அப்பா இன்றே கேட்டுக்கு வெளியே. நாக்கு வரைக்கும் வந்த சொல்லை அவள் விழுங்கினாள். அந்த நேரம் பார்த்து மில் கிளம்பியது. ஜன்னல் கம்பியில் லேசாக ஒரு நடுக்கம் ஓடியது.

"கேட்டியா? எம்புட்டு நல்லா ஓடுது. போ, பெட்டிய மாட்டிட்டு வந்து சாப்பிடு" என்றார் அய்யாதுரை.

பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆபீசிலிருந்து மில்லுக்கு நூறு கெஜம் இருக்கும். கால் ஓடத் துடித்தது. ஆனால் ஓடக் கூடாது.

வெடி வட்டாரத்தில் கம்பெனிக்குள் யாரும் ஓடுவதில்லை. பிள்ளை பாம்பு கடித்துக் கிடக்கிறது என்று கேட்டில் ஆள் வந்து நின்றாலும் நடந்துதான் போக வேண்டும். ஓட்டம் என்றால் தீ. ஒருத்தர் ஓடினால் மற்றவர்கள் என்ன ஏது என்று கேட்கமாட்டார்கள். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அவர் பின்னாலேயே ஓடுவார்கள். நின்று கேட்டவர்களின் போட்டோக்கள் எத்தனையோ வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்குகின்றன. தீயில்லாமல் ஓடியவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. அதற்கு மன்னிப்பும் கிடையாது. பானுப்பிரியா பால்வாடி போகிற வயசிலேயே படித்த பாடம் இது. அம்மா கூட வேலைக்குப் போய்க் கம்பெனி மரத்தடியில் விளையாடிய காலத்தில், ஓடிப்பிடித்து விளையாடியதற்கு ஒருமுறை கன்னம் பழுத்திருக்கிறது.

நடந்தாள். வெயில் உச்சந்தலையில் இறங்கியது. மண் வாளிகளைத் தாண்டி நடந்தாள். லோடுமேன் பெத்தணன் டிரம்மை உருட்டிக்கொண்டு எதிரே வந்தான்.

"என்ன பானு, கோள்மூட்டிக்குத் தாலாட்டா? இடுப்புல வச்சுக்கோ, எறங்கி ஓடிரப் போவுது."

அவள் அவனைத் தாண்டி நடந்தாள். சுவரைச் சுற்றிக்கொண்டு மோட்டார் பக்கம் போனாள்.

பேரிங் மேல் சாக்கு போர்த்தியிருந்தது. ஊதாக் கரை வெளியே தெரிந்தது. சாக்கிலிருந்து மெல்லிசாக ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த கோட்டைச்சாமி மகளைப் பார்த்ததும் எழுந்தார்.

"ஏந் தாயி, பெட்டி மாட்ட இம்புட்டு நேரமா?"

"யப்பா, இது என்ன?"

"எது?"

"இந்தச் சாக்கு."

திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் மாதிரி இல்லை அவர் சிரிப்பு. பிள்ளைக்கு வாங்கி ஒளித்து வைத்த பலகாரத்தை அதுவே கண்டுபிடித்துவிட்டது போன்ற சிரிப்பு.

"பாத்துட்டியா? யார்ட்டயும் மூச்சு விட்றாத. தண்ணிய உள்ளதான கொண்டு போகக் கூடாது? இது வெளிய. சொட்டு விழாம நல்லாப் பிழிஞ்சுதான் போடுறேன். அறுவத்தெட்டு வந்துச்சுன்னா ஒரு சாக்கு. திங்கக்கெழமைல இருந்து ஒரு செவப்பு உண்டா, நீயே சொல்லு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"உள்ள கொதிக்குதுப்பா."

"அட போ. தொட்டுப் பாரு, சில்லுன்னு இருக்கு. மருந்து ரூம்ல பதினஞ்சு வருசம் கெடந்தவன், சூடு எது குளுமை எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"ரெண்டு வருசம் முன்ன அம்மா சிக்கன்குனியாவுல கெடந்தாகல்ல. நெத்தியில ஈரத்துணி போட்டீக. நெத்தி குளுந்துச்சா?"

"குளுந்துச்சு."

"காய்ச்ச போச்சா?"

கோட்டைச்சாமியின் பார்வை சாக்குக்குப் போனது.

"பெட்டியோட ஒயரு பேரிங்கு நெத்தியிலதாம்ப்பா இருக்கு. நீங்க துணியப் போட்டுட்டீக."

அவள் சாக்கை இழுத்துக் கீழே போட்டாள். பெட்டியைக் கொக்கியில் மாட்டி ஒயரைச் செருகினாள். சின்னக் கண்ணாடியில் எண் தெரிந்தது. ஐம்பத்தெட்டு. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அறுபத்து மூன்று. கோட்டைச்சாமியின் கை தன்னால் சாக்கை நோக்கி நீண்டது. பானுப்பிரியா அதைக் காலால் தள்ளிவிட்டாள். எழுபத்தொன்று. சிவப்பு எரிந்தது. எழுபத்தொன்பது. தொண்ணூறு. கண்ணை மூடித் திறப்பதற்குள் நூற்றுநாலு.

கோட்டைச்சாமி விரலில் எச்சிலைத் தொட்டுப் பேரிங் மேல் வைத்தார். தோசைக்கல் மாதிரி சுர்ரென்றது.

முகத்தில் இருந்த வெள்ளிப் பூச்சுக்கு அடியில் அவர் நிறம் மாறியதை அவள் பார்த்தாள்.

"ஆத்தாடி" என்றார். அவ்வளவுதான். இருபது எட்டுத் தள்ளி இருந்த சுவிட்சுக்கு நடந்தார். அப்போதும் நடந்துதான் போனார். மோட்டார் நின்றது. உள்ளே டிரம் தன் கனத்தில் இன்னும் சுற்றியது. பேரிங்குக்குள்ளிருந்து இரும்பை இரும்பு தின்கிற சத்தம் வந்தது. கிரீஸ் உருகி ஒழுகி, கருகின வாடை அடித்தது.

"அச்சு வழியா சூடு உள்ள போவும். உள்ள பூராப் பொடி. பொம்பளைகளக் கூட்டிக்கிட்டுக் கேட்டுக்குப் போ" என்றார்.

"நீங்க?"

"போன்னா போவியா!"

சல்லடை ரூம் வாசலுக்கு வந்தாள். ஆறு வெள்ளி முகங்கள் திரும்பின. நடுவில் பஞ்சம்மாள். ரூமுக்கு மூத்தவள், வாய்க்கு வாய் பேசுகிறவள்.

"வெளிய வாங்க, எல்லாரும் வெளிய வாங்க" என்றாள் பானுப்பிரியா.

"ஏ கம்ப்யூட்டரு, என்ன அங்கன? மாப்பிள்ள வீட்டுக்காரக வந்திருக்காகளா?"

"அத்த, வெளையாட்டு இல்ல. மில்லுல பிரச்சன. கேட்டுக்குப் போங்க."

"போன மாசமும் இதத்தான சொன்ன? அன்னைக்கு அரை நாள் வெயில்ல உக்கார வச்ச. இந்தச் சட்டிய முடிச்சுட்டு வாரோம், போ தாயி. மேனேஜரு ஏச்ச நீயா வாங்குவ?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி சல்லடையை மறுபடி ஆட்டத் தொடங்கினாள். சுவருக்கு அந்தப் பக்கம் கிறீச்சென்று ஒரு சத்தம். இதற்கு மேல் என்ன சொல்லி, யாருக்குப் புரியவைக்க?

பானுப்பிரியா ஓடினாள்.

பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல், ஆறு பேர் கண் பார்க்கக் கேட்டை நோக்கி ஓடினாள். பின்னால் சட்டிகள் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு வெறுங்கால்கள் தரையில் அடிக்கிற சத்தம். யாரும் கத்தவில்லை. கத்துகிற மூச்சையும் ஓடுவதற்கே வைத்துக்கொண்டார்கள். பெத்தணன் டிரம்மை அப்படியே விட்டுவிட்டு அவளை முந்திக்கொண்டு போனான். பேக்கிங் ஆட்களும் ஓடிவந்தார்கள். வாட்ச்மேன் கேட்டை அகலத் திறந்தார். வேலிக்கு வெளியே கருவேலங்காட்டுக்குள் முப்பது பேரும் போய் விழுந்தார்கள்.

விழுந்து, காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காக்கா கத்தியது.

பஞ்சம்மாள்தான் முதலில் எழுந்தாள். முழங்காலில் ரத்தம். "எங்கடி தீ?" என்றாள். பானுப்பிரியாவுக்கு மூச்சு வாங்கியது. "ஏட்டி, ஒன்னத்தான். எங்கடி தீ? எம் பேரப்புள்ள மூஞ்சி கண்ணு முன்னால வந்து போச்சுடி, பாவி!"

அய்யாதுரை ஒரு செருப்போடு வந்தார். அவரும் ஓடித்தான் வந்திருந்தார். அந்தக் கோபம் வேறு.

"தீயில்லாம ஓடுனா என்ன அர்த்தம்னு தெரியுமா ஒனக்கு? இந்த ஊர்க்காரிதான நீ?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. மில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் வரவில்லை. எண்ணத் தொடங்கினாள். முப்பது, நாற்பது. அறுபதைத் தாண்டி எண்ணும்போது சுவர் மூலையில் கோட்டைச்சாமி தெரிந்தார். நடந்து வந்தார். தலையெல்லாம் மண். ஒரு பக்கப் புருவம் கருகியிருந்தது. கையில் பாதி எரிந்த சாக்கு.

"தீ இருந்துச்சு. கிரீசு புடிச்சிருச்சு. ஆறு வாளி மண்ணக் கொட்டி அமத்திட்டேன்" என்றார் அய்யாதுரையிடம்.

பிறகு மகளிடம் மட்டும் சொன்னார்: "மொதல்ல கை சாக்குக்குத்தான் போச்சு, தாயி. தூக்கிட்டேன். அப்புறம் கீழ போட்டுட்டு வாளிய எடுத்தேன்."

"பேரிங்கு எப்பிடிய்யா தீப்பிடிக்கும்? எழுவதுக்குக் கீழதான இருந்துச்சு? நான் இப்பத்தான பாத்தேன்?" என்றார் அய்யாதுரை.

கோட்டைச்சாமி சாக்கை நீட்டினார். "இத மேல போட்டுருந்தேன். ஈரமா. ஆறு நாளா."

பஞ்சம்மாள் மெதுவாக மில் பக்கம் திரும்பி, சல்லடை ரூமுக்கும் அதற்கும் நடுவில் இருந்த ஒற்றைச் செங்கல் சுவரைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெளிய போய்யா" என்றார் அய்யாதுரை.

ஞாயிற்றுக்கிழமை மெஷின் பிட்டரும் ஆசிக்கும் வந்து பேரிங்கைப் பிரித்தார்கள். உள்வளையம் மயில்கழுத்து நிறத்தில் நீலம் பாரித்திருந்தது. உருள்கிற குண்டுகளில் ஒன்று மூன்று துண்டு. ஆசிக் பெட்டியைத் துடைத்து, ஒயரைச் சோதித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "பெட்டி மேல குத்தமில்ல மேடம். அதுக்கு வச்ச எடத்துச் சூடுதான் தெரியும். மேல என்ன கெடக்குன்னு அதுக்கு என்ன தெரியும்?"

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே அய்யாதுரை அவளைக் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது.

"ஆபீசர் பதினொரு மணிக்கு வர்றாரு. கோடு ஏன் பல்லுப் பல்லா இருக்குன்னு கேப்பாரு. கரண்டு கட்டுன்னு சொல்லு. பேரிங்கு பழசு, மாத்திட்டோம், அம்புட்டுத்தான். ஒங்கப்பன சீசன் முடிஞ்சதும் நானே கூப்பிட்டுக்கிறேன். சாக்கு கீக்குன்னு எழுத்துல வந்துச்சுன்னு வையி, இந்தச் சுத்து வட்டாரத்துல ஒரு கம்பெனி அவரச் சேக்காது. யோசிச்சுக்கோ."

அதில் பொய் ஒன்றும் இல்லை. சேர்க்கமாட்டார்கள்தான். இரண்டு மணி நேரம் அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பிரிண்டரில் பேப்பரை எடுத்தாள், மறுபடி வைத்தாள். வாட்ச்மேனின் கரண்டு நோட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு நேரம் எழுதிவிட அவருக்கு எவ்வளவு நேரமாகும்? அவரும் எழுதத் தயாராகத்தான் இருந்தார். "சொல்லு பாப்பா, எழுதிருவோம்" என்றார்.

பத்தரைக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு மில்லுக்கு நடந்தாள். புதுப் பேரிங் பளபளத்தது. மில் ஓட்ட பெத்தணனைப் போட்டிருந்தார்கள். புது வேலை, புதுச் சட்டை. அவள் ஒயரை மாட்டும்போது மோட்டாருக்குப் பின்னால் கால் எதிலோ இடறியது. ஒரு பிளாஸ்டிக் வாளி. பாதி தண்ணீர். அதற்குள் ஒரு துண்டு ஊறிக்கொண்டிருந்தது.

"இது என்னண்ணே?"

பெத்தணன் தலையைச் சொறிந்தான். "எதுக்கும் இருக்கட்டும்னு. கோட்டைச்சாமி அண்ணன் மாதிரி ஓயாம போடமாட்டேன் பானு. செவப்பு வர்ற மாதிரி இருந்தா மட்டும் லேசா ஒரு ஒத்து. நீ மனசுல வச்சுக்கிறாத."

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் கவிழ்த்தாள். கரிசல் மண் ஒரே மடக்கில் குடித்தது.

ஆபீசர் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பேப்பரைப் பார்த்தார். நினைத்த மாதிரியே பள்ளங்களில் விரலை வைத்தார்.

"இதெல்லாம் என்ன? கரண்டு போனதா?"

அய்யாதுரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"இல்ல சார், ஈரச்சாக்கு" என்றாள் பானுப்பிரியா. "சூடு தெரியக் கூடாதுன்னு பேரிங் மேல போட்டது. ஒவ்வொரு பள்ளமும் ஒரு சாக்கு. இங்க வேல பாக்குற முக்காவாசிப் பேரு வெடிக் கம்பெனியில இருந்து வந்தவங்க. யார இங்க உக்கார வச்சாலும் அதத்தான் போடுவாங்க. இன்னைக்குக் காலைலகூட ஒரு வாளிய எடுத்துக் கொட்டிட்டுத்தான் வர்றேன். செவப்பு வந்தா வேல போயிரும்னு சொன்னா, செவப்பத்தான் அமத்துவாங்க, சூட்ட அமத்தமாட்டாங்க. அத எழுதுங்க சார்."

ஆபீசர் பேனாவை எடுத்தார். "போட்டது யாரு?"

"கோட்டைச்சாமி. எங்கப்பா."

பேனா ஒரு நொடி நின்றது. பிறகு எழுதியது. போகும்போது அந்தப் பாதி எரிந்த சாக்கைக் கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அய்யாதுரை அன்று முழுக்க அவளிடம் போ என்றும் சொல்லவில்லை, நாளைக்கு வா என்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கோட்டைச்சாமி வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். வெளியே போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"கரண்டுன்னா?"

"சாக்குன்னு."

சொம்பைக் கீழே வைத்தார். "எம் பேரு?"

"அதையும்."

கருகின புருவத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"அச்சங்குளத்துல ஒரு கம்பெனியில கேட்டுட்டு வந்தேன். மருந்து ரூம்தான். நாளைக்கு வரச் சொல்லியிருக்கான். சேதி அங்கன போய்ச் சேர எப்பிடியும் ஒரு வாரமாவது ஆவும்" என்றார். பிறகு லேசாகச் சிரித்தார். "அங்கன ஈரச்சாக்கு போடலன்னாத்தான் ஏசுவான்."

வீட்டுக்குள்ளிருந்து வள்ளித்தாயின் குரல் வந்தது. "சாக்கு கம்பெனியிலதான் கெடக்குன்னு இப்பத்தான் பஞ்சம்மா சொல்லிட்டுப் போறா. எங்க எஞ் சாக்கு?"

"அத ஆபீசர் கொண்டு போயிட்டாரும்மா."

"எஞ் சாக்கு எதுக்குடி ஆபீசருக்கு?"

அப்பாவும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.